கடலூர்–புதுவைக் கடற்கரைக்கென ஒரு மண் பொறியியல் மாநாட்டை இணையவழியில் நடத்துவது எப்படி?

கடலூருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் பணிபுரிவதாகவும், விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், நாகை வரையிலான கடற்கரைப் பகுதிக்கென இரண்டு நாள் வட்டார ஜியோடெக்னிக்கல் (மண் பொறியியல்) மாநாடு ஒன்றை நடத்துமாறு நிர்வாகம் சொல்லியிருப்பதாகவும், கூடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணமில்லாததால் இணையவழியை விட்டால் வேறு வழியில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்படி நடத்தினால் மதிப்பிருக்குமா, களப்பயணத்துக்கு என்ன செய்வது, எதில் தொடங்குவது என்பவை உங்கள் மூன்று கேள்விகள். புதுச்சேரியில் மண் பரிசோதனைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன், நேரடியாகவும் இணையவழியிலும் சில மாநாடுகளின் ஏற்பாட்டுக் குழுவில் உட்கார்ந்தவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதிப்பைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். இத்துறையின் முதல் உலக மாநாடு 1936-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகியின் தலைமையில் கூடியது. ஆசிய அளவிலான முதல் மாநாடு 1960-இல் நம் புதுதில்லியில் நடந்தது. கப்பலிலும் ரயிலிலும் போய்ச் சேர்ந்து கூடிய மரபு அது. அதே உலக மாநாட்டின் இருபதாவது கூட்டம் 2021 செப்டம்பரில் சிட்னியில் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2022 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. நடந்தபோது நேரில் வர இயலாதவர்கள் திரைவழியாகவும் கலந்துகொண்டார்கள். ஆகவே இணையவழி என்பதற்காக யாரும் உங்கள் மாநாட்டைக் குறைத்து மதிக்கப் போவதில்லை. வேறொரு காரணத்துக்காகக் குறைத்து மதிக்கக்கூடும், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பெரும்பாலான இணையவழி மாநாடுகள், கூடத்தில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி நிரலை அப்படியே எடுத்துக் கேமராவின் முன் வைக்கின்றன. குத்துவிளக்கின் படம், வரவேற்புரை, வாழ்த்துரை, மீண்டும் ஒரு வாழ்த்துரை, பிறகு ஓர் அமர்வுக்குப் பன்னிரண்டு கட்டுரைகள் என்று போகும். நான் உதவிக்குப் போயிருந்த ஒரு மாநாட்டில் இப்படி நடந்தது: மழைநாள், சிறப்புரையின் நடுவில் ஏற்பாட்டாளரின் வீட்டில் மின்சாரம் போய்விட்டது, இணைப் பொறுப்பாளராக யாரையும் முன்கூட்டி நியமிக்காததால் கூட்டத்தை நடத்தும் உரிமை முதலாமாண்டு மாணவர் ஒருவரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது, அந்த மாணவரோ கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். இருபது நிமிடம் எவராலும் திரையைப் பகிர முடியவில்லை. அது வேடிக்கை, சிரித்துவிட்டுப் போகலாம். வேடிக்கையில்லாதது பிற்பகலில் நடந்தது. நீர் நிறைந்த மணல் நிலநடுக்கத்தில் வலிமையிழந்து நீர்மம்போல் ஆகும் திரவமாதல் பற்றி ஒரு பெண் பொறியாளர் அருமையான கட்டுரை படித்தார், அவரிடம் கேட்க எனக்கே மூன்று கேள்விகள் இருந்தன. அமர்வுத் தலைவர் “நேரமின்மையால் அடுத்த கட்டுரைக்குப் போவோம்” என்று சொல்லிவிட்டார். கேள்விக்கு நேரமில்லாத மாநாட்டுக்கும் பதிவுசெய்த காணொளிக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் மாநாட்டின் பெயரில் இருக்கும் ‘வட்டாரம்’ என்ற சொல்லுக்கு வருவோம். வட்டாரத்தைத் தீர்மானிப்பது அழைப்பிதழில் உள்ள ஊர்ப்பெயர்கள் அல்ல, காலுக்குக் கீழே இருக்கும் மண். அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஐம்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வகை மண் கிடைக்கும் பகுதி எளிதில் அமையாது. கேப்பர் மலையிலும் திருவக்கரையிலும் தெரியும் செந்நிற மணற்பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்த பெயரே கடலூர் மணற்கல். அதே படிவ அடுக்குகளுக்குள்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அந்த நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்துடன் நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இடைவிடாமல் இறைத்துத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் மேலே பொங்கிவிடும் என்பதை அங்கு வேலை பார்த்த எவரும் சொல்வார். கிழக்கே தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் வந்தால் தளர்ந்த நுண்மணல். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேருமிடங்களில் மணலும் வண்டலும் மாறிமாறி அடுக்கிய படிவு. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் கொள்ளிடம் கொண்டுவந்து சேர்த்த மென்களிமண். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்காக இந்த மண்மேல்தான் உயரமான கரைகள் எழுப்பப்பட்டன. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுக அலைதடுப்புச் சுவர்களுக்கு வடக்கே கடற்கரை எப்படி அரிக்கப்பட்டது என்பது வைத்திக்குப்பத்து மீனவர்களுக்கும் கோட்டக்குப்பத்து மீனவர்களுக்கும் பொறியாளர்களைவிட நன்றாகத் தெரியும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர்மட்டம் உயரத்தில் இருக்கும் தளர்ந்த மணலில் வீடு கட்டுகிறவர்களுக்கு அது வெறும் பழைய செய்தி அல்ல.

இவ்வளவு இருக்க, வட்டார மாநாடுகளுக்கு வரும் கட்டுரைகளில் பாதி எதைப் பற்றியவை என்று நினைக்கிறீர்கள்? எங்கேயோ வாங்கிய பெந்தோனைட் களியில் ஏதோ ஓர் ஆலைக்கழிவைக் கலந்து, சாலை அடிமண்ணின் வலிமையைக் காட்டும் கலிபோர்னியா தாங்குவிகிதம் எத்தனை விழுக்காடு கூடியது என்பவை. அவற்றை நான் இகழவில்லை, மாணவர்கள் ஆய்வகத்தில் கற்க அவை உதவும். ஆனால் அவற்றுக்காகக் கடலூரில் மாநாடு கூட்ட வேண்டியதில்லை. என் யோசனை இது: உங்கள் மாநாட்டின் மையமாகக் கட்டுரைகளை வைக்காமல் துளைப் பதிவுகளை, அதாவது நிலத்தில் துளையிட்டு எந்த ஆழத்தில் என்ன மண் என்று குறித்துவைக்கும், நாம் ‘போர் லாக்’ என்கிறோமே அவற்றை, வையுங்கள். பங்கேற்க விரும்பும் ஒவ்வொரு நிறுவனமும் கல்லூரியும் தங்களிடம் உள்ள பதிவுகளில் ஐந்தையாவது ஒரே படிவத்தில் நிரப்பி அனுப்பட்டும். இணையவழியாக நடத்துவதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதில்தான் இருக்கிறது. கூடத்துச் சுவரில் ஒட்டினால் பின்வரிசைக்குத் தெரியாத பதிவு, திரையில் அவரவர் கண்ணெதிரே, வேண்டிய அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலை கெடுவது இங்கேதான். ஐ.எஸ். 2131 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறபடி 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவைத்து, முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு துளையில் இறக்கிய மாதிரிக்குழாய் அடுத்த 30 செ.மீ. இறங்கச் சுத்தியல் எத்தனை முறை அடித்தது என்று எண்ணுவதே, மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் ‘N’ மதிப்பு. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அறிக்கையில் அச்சான எண் களத்தில் எண்ணியதா, திருத்தம் செய்ததா என்பது பல அறிக்கைகளில் குறிக்கப்படுவதில்லை. நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள நுண்மணலிலும் வண்டலிலும், மேற்சுமைத் திருத்தத்துக்குப் (மேலே இருக்கும் மண்ணின் எடைக்காகச் செய்யும் திருத்தம்) பிறகும் எண் 15-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதியில் பாதியைத்தான் 15-உடன் கூட்டிக்கொள்ள வேண்டும். 25 என்று வந்தது 20 ஆகிவிடும். ஒருவர் 25 என்று எழுதி, மற்றவர் அதே மண்ணுக்கு 20 என்று எழுதினால், பக்கத்துப் பக்கத்து மனைகளில் இருவேறு மண் இருப்பதாக மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே படிவத்தில் களத்து எண்ணுக்கு ஒரு கட்டமும் திருத்திய எண்ணுக்கு ஒரு கட்டமும் தனித்தனியே இருக்க வேண்டும். நீர்மட்டத்தோடு அளந்த தேதியும் இருந்தாக வேண்டும். மே மாதத்தில் அளந்ததும் டிசம்பரில் அளந்ததும் நம் பகுதியில் ஒன்றல்ல. நில உரிமையாளர் பெயரும் சர்வே எண்ணும் வேண்டாம், ஊர்ப்பெயரும் கடலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ உள்ள தோராயத் தொலைவும் போதும். இதை முதலிலேயே எழுத்தில் உறுதி சொன்னால்தான் ஆலோசனை நிறுவனங்கள் பதிவுகளைத் தரும். இல்லையென்றால் ‘கிளையன்ட் ஒத்துக்கொள்ள மாட்டார்’ என்ற ஒரே பதில்தான் வரும்.

கட்டுரைகளையும் வாங்குங்கள், ஆனால் குறைவாக. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். கட்டுரையாளர் பத்து நிமிடக் காணொளியாகப் பேசிப் பதிவுசெய்து ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும், அதைப் பதிவு செய்துகொண்ட அனைவருக்கும் திறந்துவிட வேண்டும். நேரலையில் அவர் மூன்று நிமிடம் நினைவூட்டினால் போதும், மீதி இருபது நிமிடமும் கேள்விக்கே. “எல்லாரும் முன்பே பார்த்துவிட்டு வருவார்களா?” என்று கேட்பீர்கள். வரமாட்டார்கள். அதனால்தான் அமர்வுத் தலைவரின் வேலையை மாற்றச் சொல்கிறேன்: அவர் மணி அடிப்பவராக இல்லாமல் கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு, குறைந்தது இரண்டு கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு வருபவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கேட்கத் தொடங்கினால், அரைகுறையாகப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் வாய் திறக்கும்.

இணையவழியில் நாம் உண்மையாக இழப்பது தேநீர் இடைவேளையை. என் தொழிலில் நான் கற்றவற்றில் பாதி, தட்டில் வடையும் கையில் காகிதக் குவளையுமாக நின்ற பத்து நிமிடங்களில் கற்றது. மேடையில் எவரும் தம் தவற்றைச் சொல்வதில்லை. வடை தின்னும்போதுதான் “அந்த அப்பார்ட்மென்ட்டில் ராஃப்ட் போட்டிருக்கவே கூடாது சார்” என்பார்கள் (ராஃப்ட் என்பது கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையாகப் போடும் அடித்தளம்). இதைத் திரையில் சிறு அறைகளாகப் பிரித்து மீட்க முயன்றிருக்கிறோம், பிரித்தவுடன் பாதிப்பேர் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். இதற்குப் பதிலாகக் கடலூர், புதுச்சேரி, சிதம்பரம், விழுப்புரம் ஆகிய நான்கு ஊர்களிலும் ஒவ்வொரு சிறு அறையை ஏற்பாடு செய்யுங்கள். கல்லூரி வகுப்பறையோ, யாராவது ஒருவருடைய அலுவலகத்தின் மாடியோ போதும். அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு புரொஜெக்டர், ஒரு நல்ல மைக், தேநீர். தொலைவில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே சேரட்டும். நூறு தனித்தனி இணைப்புகளின் சிக்கல் குறைந்து, பேச்சுக்கு ஆளும் கிடைக்கும்.

அறைகள் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: மண்ணையே அனுப்பலாம். திரையில் மண்ணின் நிறத்தை நம்ப முடியாது, கேமரா சாம்பல் களியையும் நீலமாகக் காட்டும். மூன்று வகை மண்ணை, ஒவ்வொன்றிலும் கால் கிலோ, பாலிதீன் பையில் போட்டு அ, ஆ, இ என்று மட்டும் எழுதி நான்கு அறைகளுக்கும் முன்கூட்டி அனுப்பிவையுங்கள். எங்கே எடுத்தது என்று சொல்லாதீர்கள். முதல் நாள் காலையில் அனைவரும் ஒரே நேரத்தில் பையைப் பிரிக்கட்டும். ஈரமாக்கிய உருண்டையை உள்ளங்கையில் வைத்து மறுகையால் கிடையாகத் தட்டினால், வண்டலாக இருந்தால் சில நொடிகளில் மேற்பரப்பில் நீர் கசிந்து பளபளக்கும். விரலை மடக்கி அழுத்தினால் அந்தப் பளபளப்பு உள்ளே போய் மங்கிவிடும். களியாக இருந்தால் எவ்வளவு தட்டினாலும் அசையாது. அதைக் கண்ணாடித் தட்டில் வைத்து உருட்டினால் 3 மி.மீ. திரியாக நீளும், உடையாது. ஈரம் குறையக் குறைய அதே தடிமனில் நொறுங்கத் தொடங்கும் நிலைதான் நெகிழ்வு வரம்பு. கேமராவை மேசைக்கு ஓரடி மேலே தலைகீழாகக் கட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரு மேசைவிளக்கைப் போட்டால் நீர் கசிவது திரையிலும் தெளிவாகத் தெரியும். நேர் மேலிருந்து வெளிச்சம் போட்டால் எல்லாமே பளபளக்கும், ஒன்றும் தெரியாது. நான்கு அறைகளும் தங்கள் தீர்ப்பைச் சொன்ன பிறகு அந்த மண் எடுத்த இடத்தின் துளைப் பதிவைத் திரையில் போடுங்கள். எந்தத் தொடக்கவுரையும் இந்த அரை மணிக்கு ஈடாகாது என்பது என் கணிப்பு.

களப்பயணத்துக்கு ட்ரோன் காணொளி எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் பொறியாளருக்குப் பயன்படாது. நமக்கு வேண்டியது மேலிருந்து தெரியும் காட்சியல்ல, வெட்டுமுகம். கேப்பர் மலைச் சரிவில் மழைநீர் அறுத்த ஓடை ஒன்றில் இறங்கி, முகத்துக்கு நேராக அளவுக்கோலைச் சாத்திவைத்து, அடியிலிருந்து மேல்வரை மெதுவாகக் கைப்பேசியில் எடுங்கள். சுத்தியலின் கூர்முனையால் செம்மண்ணைக் கீறிக் காட்டுங்கள். காய்ந்தபோது பாறைபோல் நிற்பது, ஒரு குவளை நீரை ஊற்றியதும் எப்படிக் கரைந்து சரிகிறது என்பதைப் படம்பிடியுங்கள். திருவக்கரையில் அரசு பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது, அங்கே பார்க்க மட்டும்தான், சுத்தியலை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது காணொளி, துளையிடும் களத்தில் எடுத்ததாக இருக்கட்டும்: முக்காலியும் விஞ்சும் ஓடும் இடத்தில், மண் மாதிரி எடுக்கும் பிளவுக்குழாயை மேலே எடுத்து இரண்டாகப் பிரிக்கும் அந்தக் கணத்தை அருகில் வைத்து எடுங்கள். மேலே சிப்பித்தூள் கலந்த சாம்பல் மணல், அதற்குக் கீழே விரலளவு கரும்களி, அதில் அழுகிய இலைநார். இதை ஆய்வக மேசையில் காய்ந்த மாவாக மட்டுமே பார்த்த இறுதியாண்டு மாணவர்கள் ஏராளம்.

துளையிடும் களம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பண்ருட்டியிலும் வில்லியனூரிலும் இருபது, முப்பது ஆண்டுகளாக ரிக் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாய் இறங்கும் ஓசையையும் திரும்பி வரும் சேற்றுநீரின் நிறத்தையும் வைத்தே “சார், சுக்கான் (சுண்ணாம்புக் கல் கலந்த மண்) வந்துடுச்சு” என்று, நாம் பதிவில் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறவர்கள். இவர்களில் இருவரையாவது பேச அழையுங்கள், கட்டுரை கேட்காதீர்கள். ஓர் அமர்வை முழுக்கத் தமிழில் வைத்து, தாங்குதிறன், அமிழ்வு, வெட்டு வலிமை என்ற சொற்களோடு களத்தில் வழங்கும் சவுடு, சுக்கான், களி, கிராவல் ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு சொல்லை ஒரு வட்டத்தில் ஒரு பொருளிலும் அடுத்த வட்டத்தில் வேறு பொருளிலும் சொல்கிறார்கள் என்பது அப்போது வெளிப்படும். அவர்கள் தனியாகக் கணினி முன் அமர்ந்து மைக்கைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டாம், புதுச்சேரி அறையில் ஒரு மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து உரையாடலாக நடத்துங்கள்.

தேதியைத் தேர்வதில் ஒரு சங்கடம் உண்டு. வடகிழக்குப் பருவமழையின்போது துளையிடும் வேலை தொய்வடைவதால் களத்தார் ஓய்வாக இருப்பார்கள், ஆனால் அப்போது மின்சாரத்தையும் இணையத்தையும் நம்ப முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த பிறகு எத்தனை ஊர்களில் எத்தனை நாள் விளக்கெரியவில்லை என்பது நமக்கு மறக்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் வந்தன. ஆகவே பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ ஒரு வெள்ளி, சனியில் வையுங்கள். தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம், கடலூர் மாவட்டத்தில் பாதிப்பேர் வடலூரில் இருப்பார்கள். மாசி மகமும் அப்படித்தான். வெளிநாட்டுப் பேச்சாளர் வேண்டுமென்றால் இலங்கைக்கும் நமக்கும் நேர வேறுபாடே இல்லை; சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அவர்களைக் காலையிலும், பிரான்ஸ் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்குள்ளவர்களைப் பிற்பகலிலும் வையுங்கள்.

செயலி எதுவானாலும் சரி. இலவசக் கணக்கில் பல செயலிகள் நேரத்தை வரையறுக்கும், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இணைப் பொறுப்பாளர்களை இரண்டு வெவ்வேறு ஊர்களில் உட்காரவையுங்கள், என் முதலாமாண்டு மாணவர் கதையை மறக்க வேண்டாம். ஒவ்வோர் அறையிலும் மோடத்தை இன்வெர்ட்டரில் இணைத்து, வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு கைப்பேசியை மாற்றாக வைத்திருங்கள். பணம் மீந்தால் கேமராவில் போடாமல் மைக்கில் போடுங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் விட்டுவிட்டு வந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

வெளியீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கட்டுரைக்கு இவ்வளவு பணம் தந்தால் தரவரிசைப் பட்டியலில் உள்ள இதழில் போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரும். ஒருமுறை அப்படி நம்பிப் பணம் கட்டினோம், இதழ் வெளிவந்த சில மாதங்களிலேயே அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரையாளர்களின் முகத்தில் விழிக்க முடியவில்லை. நம் நாட்டில் ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண் கட்டணமின்றியே கிடைக்கிறது, விண்ணப்பித்து வாங்கித் தொகுப்பை நீங்களே வெளியிடலாம். துளைப் பதிவுகளை ஜெனோடோ போன்ற கட்டணமற்ற களஞ்சியத்தில் ஏற்றினால் டி.ஓ.ஐ. என்னும் நிலையான இணைய அடையாள எண்ணும் கிடைக்கும், பதிவு தந்தவர்கள் பெயரும் அதில் நிற்கும். ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்கான மதிப்பெண் வேண்டுமென்பது நியாயமே, அவர்கள் தங்கள் கட்டுரையைப் பிறகு விரித்து நல்ல இதழுக்கு அனுப்பிக்கொள்ளட்டும்.

எதில் தொடங்குவது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அழைப்பிதழில் தொடங்காதீர்கள். இந்த வாரமே உங்கள் துறை அலமாரியைத் திறந்து, உங்கள் கல்லூரி இதுவரை செய்துகொடுத்த மண் பரிசோதனை அறிக்கைகளை எடுத்து மேசைமேல் போடுங்கள். அவற்றில் பத்தைப் படிவத்தில் நிரப்பிப் பாருங்கள். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ அதைப் பார்த்துப் படிவத்தைத் திருத்துங்கள். திருத்திய படிவத்தையும் நிரப்பிய பத்துப் பதிவுகளையும் இணைத்து மற்றக் கல்லூரிகளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் அனுப்பி, “எங்களுடையது இது, உங்களுடையதை அனுப்புங்கள்” என்று எழுதுங்கள். இருபது இடங்களிலிருந்து பதில் வந்துவிட்டால் தேதியை அறிவிக்கலாம். என்னிடமும் அரியாங்குப்பம், பாகூர் பக்கத்துப் பழைய பதிவுகள் சில இருக்கின்றன. படிவம் வந்ததும் நிரப்பி அனுப்பிவைக்கிறேன்.